மலையில் 75, ஈப்போவில் 88: கணினி புரோசஸரின் சூடு எப்போது ஆபத்து?

கேமரன் மலைத் தோட்ட வீடுகளிலும், தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் கடைவீடுகளிலும் மேசைக் கணினி இன்று தட்டச்சுக்கு மட்டும் பயன்படுவதில்லை. திருமணக் காணொளிகளை வெட்டித் தொகுப்பது, முப்பரிமாணப் படம் வரைவது, நிரல் எழுதிப் பழகுவது, கணினி விளையாட்டு என மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும் வேலைகள் அதற்கு வந்துவிட்டன. கல்லூரிப் படிப்புக்காக மலையிறங்கும் பிள்ளையோடு அந்தப் பெட்டியும் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகிறது.

அப்போதுதான் சிக்கல் தெரிய வரும். மலையில் ஒழுங்காக ஓடிய கணினி கீழே போனதும் இரைகிறது, வேகம் குறைகிறது, சில சமயம் பாதி வேலையில் அணைந்துவிடுகிறது. கடைக்காரர் புதுக் கணினி வாங்கச் சொல்வார். நண்பர் ஒருவர், 80 டிகிரியைத் தாண்டினால் புரோசஸர் எரிந்துவிடும் என்பார். இன்னொருவர், 95 வரை கவலையே இல்லை என்பார். எல்லாருக்கும் பொதுவான ஓர் எண்ணைத் தேடுவதால் வரும் குழப்பம் இது. அப்படி ஓர் எண் கிடையாது. அந்தப் புரோசஸரின் எல்லை எது, அறையின் சூடு எவ்வளவு, வேகம் குறைகிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும்.

ஒவ்வொரு புரோசஸருக்கும் ஓர் எல்லை

தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் இடத்துக்கு ஒரு சூடு, இலை உலர்த்தும் இயந்திரத்துக்கு வேறு சூடு. ஒன்றின் அளவை வைத்து மற்றதைக் குறை சொல்ல முடியாது. புரோசஸரும் அப்படித்தான். ஒவ்வொரு ரகத்துக்கும் அதைத் தயாரித்த நிறுவனமே ஓர் உச்ச வெப்பநிலையை அறிவிக்கிறது.

இன்டெல் ஐ5-12400, ஐ9-13900கே இரண்டுக்கும் எல்லை 100 டிகிரி செல்சியஸ். கோர் அல்ட்ரா 9 285கே 105 டிகிரி வரை போகலாம். ஏஎம்டி ரைசன் 5 3600 புரோசஸருக்கு 95, ரைசன் 7 5800எக்ஸ்3டி ரகத்துக்கு 90, ரைசன் 7 7800எக்ஸ்3டி ரகத்துக்கு 89. பழைய ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350 புரோசஸருக்கோ எல்லை 61 டிகிரிதான். ஆகவே 75 டிகிரி என்பது ஐ5-12400 புரோசஸருக்குச் சாதாரணம். எஃப்எக்ஸ்-8350 புரோசஸருக்கு அது எல்லை மீறிய சூடு.

இந்த விஷயம் மலேசியர்களுக்கு அவ்வளவு தூரத்து விஷயமும் அல்ல. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் பினாங்கில்தான் தொடங்கியது. ஏஎம்டியும் அதே ஆண்டில் பினாங்குக்கு வந்தது. பல புரோசஸர்களின் உலோக மூடியில் மலேசியாவின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், சில்லைப் பொருத்தி மூடிச் சோதிக்கும் வேலை இங்கே நடப்பதுதான். கணினியில் இருக்கும் புரோசஸரின் ரகப் பெயரைத் தெரிந்துகொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் அதன் எல்லையைப் பார்ப்பதே முதல் வேலை.

எல்லையைத் தொட்டால் என்ன ஆகும்?

புரோசஸர் எரிந்துபோகும் என்ற பயம் ஒரு காலத்தில் உண்மையானது. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற தளம் ஒரு சோதனை செய்து காட்டியது. ஓடிக்கொண்டிருந்த புரோசஸர்களின் மேலிருந்த கூலரை அப்படியே எடுத்தார்கள். அன்றைய ஏஎம்டி அத்லான் புகைந்து போனது. இன்டெல் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. அந்தப் பாதுகாப்பு பின்னர் எல்லாப் புரோசஸர்களுக்கும் வந்துவிட்டது.

இன்றைய புரோசஸர் மூன்று படிகளில் தன்னைக் காத்துக்கொள்கிறது. சூடு ஏறும்போது முதலில் காற்றாடியின் வேகம் கூடும். எல்லையைத் தொட்டதும் புரோசஸர் தன் ஓட்ட வேகத்தையும் மின்சாரத்தையும் குறைக்கும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் கணினி தானாக அணையும். எனவே ஒரு முறை 100 டிகிரியைத் தொட்டதால் புரோசஸர் கெட்டுப்போய்விடாது. அதே சமயம், நாள்தோறும் மணிக்கணக்கில் எல்லையிலேயே ஓடும் கணினி, கொடுத்த விலைக்கான வேகத்தைத் தருவதில்லை. புரோசஸரைச் சுற்றி மதர்போர்டில் இருக்கும் மின்தேக்கிகளும் மின்சாரத்தைச் சீராக்கும் பாகங்களும் அந்தச் சூட்டில் சீக்கிரம் தேயும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2022-இல் வந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் 7600எக்ஸ், 7700எக்ஸ், 7950எக்ஸ் போன்றவை, முழுச் சுமையில் 95 டிகிரி வரை தாமாகவே ஏறும்படி வடிவமைக்கப்பட்டவை. கூலருக்கு இடம் இருக்கும் வரை வேகத்தைக் கூட்டி, 95-இல் நின்றுகொள்ளும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் தண்ணீரே ஏறக்குறைய 95 டிகிரியில் கொதித்துவிடும். அதனால் இந்த எண்ணைப் பார்த்ததும் மனம் பதறுவது இயல்பு. ஆனால் சிலிக்கான் சில்லுக்கு அது தாங்கக்கூடிய சூடுதான். இந்த வரிசையில் சூட்டை விட வேகத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

எந்த இடத்துச் சூடு?

பழைய அலுவலகக் கணினிகளை மலிவு விலையில் வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இன்டெல் ஐ5-4590 புரோசஸரின் விவரப் பக்கத்தில் 72.72 டிகிரி என்று போட்டிருக்கும். மென்பொருளில் பார்த்தால் 78 காட்டும். எல்லை மீறிவிட்டது என்று பயந்து புதுப் பாகம் வாங்கப் போவார்கள்.

இரண்டும் ஒரே இடத்தின் அளவு அல்ல. 72.72 என்பது புரோசஸரின் மேல் மூடியின் நடுவில் இருக்கக்கூடிய சூடு. மென்பொருள் காட்டும் 78, சில்லின் உள்ளே புதைந்துள்ள உணரிகளின் அளவு. உள்ளே எப்போதும் சூடு அதிகமாகத்தான் இருக்கும். உள் அளவுக்கு அந்தப் புரோசஸரின் எல்லை 100. ஆகவே 78 சரியான நிலைதான்.

ஏஎம்டியிலும் இப்படி ஒரு குழப்பம் இருந்தது. ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் புரோசஸர்கள் காற்றாடியைக் கட்டுப்படுத்துவதற்காக உண்மையான சூட்டோடு 20 டிகிரி சேர்த்துக் காட்டின. 85 என்று தெரிந்தால் உண்மையில் 65. இவற்றைச் சோதிப்பவர்கள், இந்த வித்தியாசத்தைக் கழித்துக் காட்டும் புதிய மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும்.

மலைக் காற்று மறைத்துவிடும் குறை

கூலரால் புரோசஸரை அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஒரே வேலை, ஒரே காற்றாடி வேகம் என்றால், அறையை விட எத்தனை டிகிரி கூடுதல் என்பது ஏறக்குறைய மாறாது. அறை எவ்வளவு ஏறுகிறதோ, புரோசஸரும் அவ்வளவு ஏறும்.

கேமரன் மலையில் பகலிலும் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. இரவில் அதை விட வெகுவாக இறங்கும். ஈப்போவிலோ பினாங்கிலோ பகல் வெப்பம் 32, 33 டிகிரி. இதை வைத்து இரண்டு கணினிகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டும் 100 டிகிரி எல்லை உள்ளவை. சோதிக்கும்போது மலையில் அறை வெப்பம் 19 டிகிரி.

முதல் கணினி முழுச் சுமையில் 75 காட்டுகிறது. அறையை விட 56 கூடுதல். ஈப்போவில் 32 டிகிரி அறையில் 32-உம் 56-உம் சேர்ந்து 88 ஆகும். எல்லைக்குள் இருக்கிறது, 12 டிகிரி மிச்சமும் இருக்கிறது. கவலையில்லை.

இரண்டாவது கணினி மலையில் 88 காட்டுகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் இதுவும் எல்லைக்குள்தான். ஆனால் அறையை விட 69 கூடுதல். ஈப்போவில் அது 101 ஆக வேண்டும். அதாவது எல்லையில் முட்டிக்கொண்டு வேகம் குறையும். இந்தக் கணினியின் கூலர் போதவில்லை அல்லது அதில் ஏதோ குறை இருக்கிறது. மலைக் குளிர் அந்தக் குறையை மறைத்து வைத்திருக்கிறது.

ஈப்போவில் 88 நல்ல எண். மலையில் அதே 88 எச்சரிக்கை எண். கேமரன் மலையில் கணினி வைத்திருப்பவர்கள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

கணக்கில் சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். சூடு ஏறினால் காற்றாடி வேகமாகச் சுழலும். மேலும் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. மலையில் அதே காற்றாடி கொஞ்சம் குறைவான சூட்டையே அள்ளிப்போகும். கீழே இறங்கினால் அந்த அளவுக்கு அனுகூலம் உண்டு. இவற்றால் உண்மை எண் சில டிகிரி குறையலாம். ஆனால் முழு வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதே பத்திரமானது.

சோதிப்பது எப்படி?

இதற்குப் பணம் செலவில்லை. சூட்டைக் காட்ட எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. சுமை கொடுக்க சினிபெஞ்ச் போதும். அறை வெப்பத்தை அளக்கச் சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று வேண்டும். அதைக் கணினிக்குக் காற்று நுழையும் பக்கத்தில் வைக்க வேண்டும், வெப்பக் காற்று வெளியேறும் பக்கத்தில் அல்ல.

1. கணினியைத் தொடக்கி, எந்த வேலையும் தராமல் பத்து நிமிடம் விட்டு, சும்மா இருக்கும்போது உள்ள சூட்டைக் குறிக்கவும். மலையில் அப்போதே 60-ஐ ஒட்டி இருந்தால், கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

2. சினிபெஞ்சில் எல்லா உட்கருக்களும் ஓடும் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிடவும். இரவு முழுக்கக் காணொளி வேலை செய்யும் கணினி என்றால் அரை மணி நேரம் விடவும். பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுதாகச் சூடேற அவ்வளவு நேரம் பிடிக்கும்.

3. கடைசிச் சில நிமிடங்களில் நிலையாக நிற்கும் சூட்டைக் குறிக்கவும். நொடிப்பொழுதில் ஏறி இறங்கும் உச்ச எண் முக்கியமல்ல.

4. அதே நேரத்தில் ஓட்ட வேகத்தைப் பார்க்கவும். தயாரிப்பாளர் அறிவித்த அடிப்படை வேகத்துக்குக் கீழே இறங்குகிறதா? சூட்டினால் வேகம் குறைகிறது என்ற குறிப்பை மென்பொருள் காட்டுகிறதா?

5. அறை வெப்பம், நேரம், சூடு, வேகம், சினிபெஞ்ச் மதிப்பெண் ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைக்கவும்.

அதிகாலையில் சோதித்துவிட்டு அடுத்த முறை மதியத்தில் சோதித்தால், அறையின் வித்தியாசமே புரோசஸர் மோசமானதுபோல் காட்டிவிடும். அதனால்தான் அறை வெப்பத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

பிரைம்95 என்ற மென்பொருளும் உண்டு. அதன் கடுமையான சோதனை, அன்றாட வேலைகளில் வராத அளவு சூட்டைக் கிளப்பும். அதில் எல்லையைத் தொட்டது என்பதற்காக மட்டும் கணினியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

முடிவு சொல்வது எப்படி?

மலையில் கிடைத்த எண்ணோடு, கீழே உள்ள அறைக்கான வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளவும். அந்தக் கூட்டுத்தொகையை எல்லையோடு ஒப்பிடவும்.

எல்லைக்கு 15 டிகிரிக்கு மேல் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 5 முதல் 15 டிகிரி இடைவெளி என்றால் பயன்படுத்தலாம், ஆனால் தூசு சேரச் சேர இடைவெளி குறையும் என்பதால் சில மாதங்களுக்கு ஒரு முறை சோதிக்கவும். இடைவெளி 5 டிகிரிக்கும் குறைவு என்றால் கூலரைக் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எல்லையைத் தொட்டு, வேகமும் அடிப்படை அளவுக்குக் கீழே போனால் அது குறை. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் எழுதி வைத்த தாளோடு வாங்கிய கடைக்குக் கொண்டுபோகலாம்.

95-இல் நிற்கும் ரைசன் 7000 வரிசைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதில் சூடு மாறாது, வேகம்தான் குறையும். மலையில் கிடைத்த சினிபெஞ்ச் மதிப்பெண்ணையும் கீழே கிடைத்ததையும் ஒப்பிடுவதே வழி. சிறு குறைவு இயல்பு. பெரிய சரிவு என்றால் கூலரில் கோளாறு.

சூடு சரியாக இருந்தும் பழுது

சூடு எல்லைக்குள் இருந்தால் எல்லாம் சரி என்று நூறு விழுக்காடு சொல்லிவிட முடியாது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரோசஸர்கள் இதற்குச் சாட்சி. அவற்றில் சில, விளையாட்டிலும் கனமான வேலையிலும் திடீர் திடீரென நின்றுபோயின. பலர் சூட்டைத்தான் சந்தேகித்தார்கள். 2024 ஜூலையில் இன்டெல், தேவைக்கு மீறிய மின்னழுத்தம் புரோசஸருக்குப் போவதே காரணம் என்று அறிவித்தது. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற திருத்தம் பயோஸ் வழியாக வந்தது. பெட்டியில் அடைத்து விற்கப்பட்ட, பாதிப்புக்குரிய புரோசஸர்களின் உத்தரவாதம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டப்பட்டது.

அந்தத் திருத்தம் இனி வரும் கேட்டைத் தடுக்கும். ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்யாது. எனவே இந்தத் தலைமுறையின் ஐ7, ஐ9 போன்ற உயர் ரகங்களைப் பழைய விலைக்கு வாங்குபவர்கள், பயோஸ் புதுப்பிக்கப்பட்டதா, எந்த ஆண்டு வாங்கியது, ரசீது இருக்கிறதா என்று கேட்ட பிறகே பணம் கொடுப்பது நல்லது. பயோஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைபட்டால் மதர்போர்டு முடங்கிப்போகலாம். இடி மழை நாளில் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

செலவு குறைந்த வழியிலிருந்து தொடங்குங்கள்

சூடு அதிகம் என்று தெரிந்தால், எடுத்த எடுப்பில் புதுக் கணினி வேண்டாம்.

முதலில் இடத்தை மாற்றிப் பார்க்கவும். ஈரத்துக்குப் பயந்து கணினியைத் துணியால் மூடி வைப்பதும், மூடிய அலமாரிக்குள் வைப்பதும் நம் வீடுகளில் உண்டு. ஓடும்போது துணியை எடுத்துவிட்டு, பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும்.

அடுத்தது தூசு. மலையின் ஈரக் காற்றில் தூசு பஞ்சுபோல் கூலரின் தகடுகளுக்கு இடையே படிந்து இறுகிவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, தூரிகையாலோ காற்றுக் குப்பியாலோ சுத்தம் செய்யலாம்.

மூன்றாவது, கூலரின் பிடிமானம். இன்டெல் பெட்டியோடு வரும் கூலர் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் மதர்போர்டில் அழுந்தி நிற்கிறது. தாப்பா சாலையின் வளைவுகளில் குலுங்கி வந்த கணினியில் ஓர் ஊசி தளர்ந்தாலே போதும், சூடு எகிறிவிடும். நான்கையும் மெதுவாக அசைத்துப் பார்க்கவும்.

நான்காவது, புரோசஸருக்கும் கூலருக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட். பல ஆண்டு ஓடிய கணினியில் அது காய்ந்திருக்கும். ஒரு சிறு குழல் இருபது, முப்பது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். ஏஎம்டி ஏஎம்4 வகை மதர்போர்டில் கூலரை இழுத்து எடுத்தால், ஒட்டிக்கொண்ட புரோசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்து அதன் ஊசிகள் வளைந்துவிடலாம். கணினியைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு கூலரை லேசாகத் திருகி எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, மின்சார அளவு. ஐ5-12400 புரோசஸரின் அடிப்படை அளவு 65 வாட், உச்ச அளவு 117 வாட். சில மதர்போர்டுகள் உச்ச அளவையே நீடித்து ஓடவிடும். பயோஸில் அதை 65 வாட்டுக்குக் கட்டுப்படுத்தினால் வேகம் கொஞ்சம் குறையும், சூடு நன்றாகவே குறையும். ஏஎம்டியில் இதற்கு ஈகோ மோட் என்ற வசதி இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால்தான் புதுக் கூலர். நூறு ரிங்கிட்டை ஒட்டிய விலையில் கிடைக்கும் கோபுர வடிவக் கூலரே பெரும்பாலான ஐ5, ரைசன் 5 கணினிகளுக்குப் போதும்.

மலையிறங்கும் நாளில்

பிள்ளையோடு கணினியும் இறங்கும் நாளுக்கு முன், மேலே சொன்ன சோதனையை ஒரு முறை செய்து தாளில் குறித்துக்கொள்ளவும். கோபுர வடிவக் கூலர் கனமானது. வண்டியில் ஏற்றும்போது மதர்போர்டு தரைக்கு இணையாக, கூலர் மேல்நோக்கி நிற்கும்படி பெட்டியைப் படுக்க வைத்தால் சாலையின் குலுக்கலில் மதர்போர்டுக்குச் சேதம் வராது.

போய்ச் சேர்ந்ததும் உடனே மின்சாரம் கொடுக்க வேண்டாம். மலைக் குளிரில் இருந்த உலோகத்தின் மீது கீழ்நாட்டு ஈரக் காற்று பட்டால், குளிர்பானக் குவளையின் வெளிப்புறம்போல் நீர்த்துளி பூக்கும். இரண்டு மூன்று மணி நேரம் மூடிய பெட்டியாகவே வைத்திருந்து, பிறகு தொடக்கலாம்.

புதிய அறையில் மதிய வேளையில் அதே சோதனையைத் திரும்பச் செய்து, அதே தாளில் பக்கத்தில் எழுதவும். அறைகளின் வித்தியாசம் 13 டிகிரி, புரோசஸரின் வித்தியாசமும் ஏறத்தாழ அவ்வளவே என்றால் கணினிக்கு ஒன்றும் இல்லை. அறை 13 ஏற, புரோசஸர் 25 ஏறியிருந்தால் வழியில் ஏதோ தளர்ந்திருக்கிறது. முதலில் அந்த நான்கு ஊசிகளைத்தான் பார்க்க வேண்டும்.